டைக்கோ பிராஹே: பூமி அசையவில்லை என்று சொன்னவருக்கு எதற்கு இவ்வளவு மரியாதை?

சாத்தூரான்

வானியல் வரலாறு என்று எதைத் திறந்தாலும் கோப்பர்நிக்கஸ், டைக்கோ பிராஹே, கெப்ளர், கலிலியோ என்று நால்வர் வரிசை வந்துவிடுகிறது. மூன்று பேர் சரி. இந்த டைக்கோ எப்படி உள்ளே வந்தார்?

கோப்பர்நிக்கஸ் 1543லேயே சூரியனை நடுவில் வைத்துவிட்டார். 45 வருடம் கழித்து, 1588ல், டைக்கோ ஒரு கலப்படம் போட்டார்: பூமி அசையாமல் நடுவில் நிற்கிறது, சூரியன் பூமியைச் சுற்றுகிறது, மற்ற கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. முன்னேற்றமா இது? டென்மார்க் அரசர் தூக்கிக் கொடுத்த தீவில் உட்கார்ந்துகொண்டு, அந்த அரசரின் பிள்ளைகளுக்கு ஜாதகமும் கணித்துக் கொடுத்தவர். மூக்கறுந்த கதையும், சிறுநீரை அடக்கிச் செத்த கதையும் சுவாரஸ்யமாக இருப்பதால்தான் இன்னும் நினைவில் இருக்கிறாரோ என்று சந்தேகம்.

சண்டைக்காகக் கேட்கவில்லை. சரி, கொஞ்சம் சண்டைக்காகவும்தான்.

தூக்கமில்லாதவன்

மூக்கறுந்த கதை எனக்குத் தெரியாதே. முதலில் அதைச் சொல்லுங்கள், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சாத்தூரான்

1566 டிசம்பர், ஜெர்மனியில் ரோஸ்டாக் நகரம். டைக்கோவுக்கு அப்போதுதான் 20 வயது. மாண்டரப் பார்ஸ்பெர்க் என்ற தூரத்துச் சொந்தக்காரரோடு ஒரு விருந்தில் வாய்த்தகராறு. சில நாள் கழித்து இருட்டில் வாளை உருவிக்கொண்டார்கள். மூக்கின் நடுத்தண்டு போய்விட்டது. இரண்டு பேரில் கணிதத்தில் யார் கெட்டிக்காரர் என்பதுதான் தகராறு என்று ஒரு கதை உண்டு. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க உலோக மூக்கு ஒன்றை ஒட்டிக்கொண்டு திரிந்தார். தங்கமும் வெள்ளியும் கலந்தது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2010ல் பிராக் நகரில் கல்லறையைத் திறந்து எலும்பைச் சோதித்தபோது செம்பும் துத்தநாகமும்தான் தென்பட்டன. பித்தளை!

கணக்கு டீச்சர்

சாத்தூரான், 'கலப்படம்' என்ற சொல்லில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. ஆனால் கோப்பர்நிக்கஸ் சொன்னபோதே எல்லாம் முடிந்துவிட்டது போலவும், டைக்கோ வேண்டுமென்றே குறுக்கே படுத்தார் போலவும் எழுதியிருக்கிறீர்கள். அது நடந்த விதம் வேறு.

1563 ஆகஸ்ட். லைப்சிக்கில் சட்டம் படிக்க அனுப்பப்பட்ட 16 வயதுப் பையன். கூடவே கண்காணிக்க வெடல் என்ற இளம் ஆசிரியர். அவர் தூங்கிய பிறகு, கைமுட்டி அளவே இருந்த, நட்சத்திரங்களை வரைந்த ஒரு உருண்டையை வைத்துக்கொண்டு பையன் நட்சத்திரம் பழகினான். அந்த மாதம் வியாழனும் சனியும் வானத்தில் நெருங்கி வந்தன. கோள்கள் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று சொல்லும் 13ஆம் நூற்றாண்டின் அல்ஃபோன்சோ அட்டவணையைப் பார்த்தால் அந்தச் சேர்க்கை ஒரு மாதம் தள்ளி இருந்தது. கோப்பர்நிக்கஸ் முறையில் போட்ட புதிய புருசிய அட்டவணையைப் பார்த்தால் அதுவும் சில நாள் தப்பு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சூரியனை நடுவில் வைத்தாலும் கணக்கு முழுசாகச் சரியாகவில்லை. கோப்பர்நிக்கஸும் பழைய அளவீடுகளையே பெரிதும் நம்பினார், வட்டப் பாதைகளையே பயன்படுத்தினார். எந்த அமைப்பு சரி என்று வாதாடுவதற்கு முன்னால் ஒழுங்கான அளவுகள் வேண்டும், அதுவும் ஒருநாள் இரண்டுநாள் அல்ல, வருடக்கணக்கில் வேண்டும் என்று அந்தப் பையனுக்குத் தோன்றியது. பிறகு செய்ததெல்லாம் அதுதான்.

அடுத்தது 1572 நவம்பர் 11. ஹெரெவாட் என்ற பழைய மடத்தில் மாமாவோடு தங்கி ரசவாதச் சோதனை செய்துகொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பும்போது தலைக்கு மேலே காசியோப்பியா என்ற நட்சத்திரக் கூட்டத்தில் அதுவரை இல்லாத நட்சத்திரம் ஒன்று. தன் கண்ணையே நம்பாமல் வேலைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிக் கேட்டார், வழியில் வண்டியில் போன குடியானவர்களையும் நிறுத்திக் கேட்டார். உச்சத்தில் அது வெள்ளியைவிடப் பிரகாசம், கண் கூர்மையானவர்களுக்குப் பகலிலும் தெரிந்தது. 1574 மார்ச் வரை கண்ணுக்குத் தெரிந்து மங்கி மறைந்தது.

அவர்தான் முதலில் பார்த்தவர் என்றில்லை, சில நாள் முன்பே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர் கேட்ட கேள்விதான் முக்கியம்: இது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? நிலவுக்கு மேலே எதுவும் மாறாது, புதிதாகத் தோன்றுவதெல்லாம் நிலவுக்குக் கீழே காற்று மண்டலத்து விவகாரம் என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த பாடம். டென்மார்க்கில் காசியோப்பியா மறைவதே இல்லை. ஒரு நேரம் உச்சியில் இருக்கும், அரை நாள் சுற்றிய பிறகு வடக்கே தாழ்ந்து நிற்கும். அந்த நட்சத்திரம் நிலவளவு தூரத்தில் இருந்தால், இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் பக்கத்து நட்சத்திரங்களை ஒட்டி ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்து தெரிய வேண்டும். மரத்தில் செய்த பெரிய கோணக் கருவியால் திரும்பத் திரும்ப அளந்தார். நகரவே இல்லை. அப்படியென்றால் நிலவைத் தாண்டி வெகுதூரம்.

இதே முடிவுக்கு ஜெர்மனியில் மேஸ்ட்லின் வெறும் நூலைக் கண் முன்னால் இழுத்துப் பிடித்தே வந்துவிட்டார். பின்னாளில் கெப்ளரின் ஆசிரியர் இவர். எனக்கு டைக்கோவின் கருவிகளைவிட அந்த நூல் ஒருபடி மேலாகப் பிடிக்கும், ஆனால் அதைப் பேச இங்கே வேறு இழை திறக்க வேண்டும்.

தூக்கமில்லாதவன்

டீச்சர், அந்தப் புது நட்சத்திரம் நம்ம ஊரில் தெரிந்திருக்குமா?

கணக்கு டீச்சர்

தெரிந்திருக்க வேண்டும். சென்னைப் பக்கம் வடக்கே சுமார் 40 பாகை உயரம் வரை ஏறியிருக்கும். ஆனால் கார்த்திகை மாதம், வடகிழக்குப் பருவமழை. மேகம் வழிவிட்டிருந்தால்தான். சீனாவில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

பட்டறைக்காரன்

நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வானியல் பெரிதாகத் தெரியாது, ஆனால் இந்த ஆளின் கருவிப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் வேறு எதுவும் ஓடவில்லை.

1576ல் இரண்டாம் ஃபிரெடரிக் அரசர் வென் தீவைக் கொடுத்தார். டென்மார்க்குக்கும் இன்றைய ஸ்வீடனுக்கும் நடுவில் ஜலசந்தியில் இருக்கிற சின்னத் தீவு. அங்கே யுரேனிபோர்க் என்று ஒரு மாளிகை, 1584ல் பக்கத்திலேயே தரைக்குக் கீழே குழி வெட்டி இரண்டாவது ஆய்வகம். எதற்காகத் தரைக்குக் கீழே? காற்றில் கருவி ஆடக் கூடாது. மெஷினுக்கு அஸ்திவாரம் போட்ட எவனுக்கும் இது உடனே புரியும்.

சுவரோடு சேர்த்துப் பொருத்திய பித்தளைக் கால்வட்டம் ஒன்று இருக்கிறது. ஆரம் ஏறக்குறைய 2 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. அந்த வளைவில் ஒரு கலை என்பது 0.6 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அந்த இடைவெளியையும் மேலே பிரித்துப் படிக்க வேண்டும். அதற்கான வெர்னியர் அளவுகோல் வந்தது 1631ல், அது இவர் கையில் கிடையாது. என்ன செய்தார் என்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவில் குறுக்காக, சாய்வாகப் புள்ளிகளை வரிசையாக வைத்தார். ஊசி எந்தப் புள்ளிக்கு நேராக நிற்கிறதோ அதை எண்ணிக்கொள்ளலாம். கையால், பித்தளையில், 2 மீட்டர் வளைவு முழுக்க. ஒரு புள்ளி பிசகினால் மொத்த வேலையும் போச்சு.

அதைவிட எனக்குப் பிடித்தது, தன் கருவியையே அவர் நம்பாதது. ஒரே நட்சத்திரத்தை வேறு வேறு கருவிகளில் அளந்து ஒப்பிடுவார். அடிவானத்துக்குப் பக்கத்தில் காற்று வெளிச்சத்தை வளைப்பதால் வரும் பிழைக்குத் தனியாக அட்டவணை போட்டார். தொலைநோக்கி என்ற பொருளே உலகத்தில் இல்லாத காலம். வெறும் கண். நல்ல கருவிகளில் பிழை ஏறக்குறைய ஒரு கலைக்குள். அவருக்கு முந்தியவர்களின் பட்டியல்களில் 10 கலை பிசகு சர்வசாதாரணம்.

மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியாத பையன்களை வைத்துக்கொண்டு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஆளுக்கு என் சலாம்.

மல்லிகா

இந்த இடத்தில் தங்கச்சியை விட்டுவிடாதீர்கள். சோஃபி பிராஹே, டைக்கோவைவிடப் பத்து வயதுக்குமேல் சின்னவர். 1573 டிசம்பர் சந்திர கிரகணத்தை அளந்தபோது அண்ணனுக்கு உதவியாக நின்றார். ரசவாதமும் தோட்டக்கலையும் அண்ணனிடம் படித்தார். சோதிடக் கணக்கு பெண்களுக்கு ஒத்துவராது என்று டைக்கோ தடுத்துப் பார்த்தார். இந்த அம்மா சொந்தக் காசில் லத்தீன் நூல்களை மொழிபெயர்க்கச் சொல்லித் தானே கற்றுக்கொண்டார். அப்புறம் அண்ணனே பெருமையாக எழுதினார். மூக்குக் கதை ஊர் முழுக்கப் பரவுகிறது, இது பரவ மாட்டேன் என்கிறது.

சாத்தூரான்

எல்லாம் சரி. நன்றாக அளந்தார், ஒப்புக்கொள்கிறேன், அதை நான் மறுக்கவும் இல்லை. ஆனால் அவ்வளவு துல்லியமாக அளந்த ஆள் கடைசியில் பூமி அசையவில்லை என்றுதானே சொன்னார்? அப்போது அந்த அளவால் அவருக்கு என்ன பிரயோஜனம்? சர்ச்சுக்குப் பயந்தாரா, பைபிளா, பழைய பழக்கமா?

கணக்கு டீச்சர்

வேதாகமத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அவருடைய பலமான வாதம் அளவீட்டிலிருந்து வந்தது. இதைப் படிப்படியாகச் சொன்னால்தான் எடுபடும், பொறுமையாகப் படியுங்கள்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால் ஜனவரியில் ஒரு பக்கம், ஜூலையில் எதிர்ப்பக்கம். இரண்டு இடத்திலிருந்தும் பார்க்கும்போது நட்சத்திரம் கொஞ்சம் இடம் மாறித் தெரிய வேண்டும். டைக்கோ தேடினார். ஒரு கலை அளவுக்குக்கூட மாற்றம் இல்லை. அதற்கு இரண்டு விளக்கம்தான் உண்டு. ஒன்று, பூமி நகரவில்லை. இல்லையென்றால், நட்சத்திரங்கள் நம்பவே முடியாத தூரத்தில் இருக்கின்றன.

கோப்பர்நிக்கஸ் பக்கத்தார் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். டைக்கோ விடவில்லை. வெறும் கண்ணுக்கு நட்சத்திரம் புள்ளியாகத் தெரிவதில்லை, ஒரு சின்ன வட்டாகத் தெரிகிறது. பிரகாசமான நட்சத்திரத்துக்கு 2 கலை, பிரகாச வரிசையில் மூன்றாம் தரத்தில் வரும் மங்கலானதுக்கு ஒரு கலை போல என்று மதிப்பிட்டார். இப்போது கணக்கைத் திருப்புங்கள். அந்த நட்சத்திரத்திலிருந்து பார்த்தால் பூமியின் மொத்தப் பாதையும் ஒரு கலைக்குள் அடங்கிவிடுகிறது. இங்கிருந்து பார்த்தால் அந்த நட்சத்திரமும் ஒரு கலை அகலம். தூரம் ஒன்றுதான். அப்படியானால் அந்த ஒற்றை நட்சத்திரம் பூமியின் பாதை முழுவதற்கும் சமமான பருமன்! சூரியன் அதன் முன் ஒரு தூசு. சாதாரண நட்சத்திரங்கள் எல்லாமே அப்படி, சூரியன் மட்டும் குட்டி. இதை நம்புவது கஷ்டமா, பூமி நிற்கிறது என்பதை நம்புவது கஷ்டமா?

இந்த வாதத்துக்கு அந்தக் காலத்தில் ஒழுங்கான பதில் கிடையாது. கோப்பர்நிக்கஸை ஆதரித்த சிலர், கடவுளால் எவ்வளவு பெரிய நட்சத்திரத்தையும் படைக்க முடியும் என்று சமாளித்தார்கள். யார் மதத்தின் பின்னால் ஒளிந்தது என்று இப்போது சொல்லுங்கள்.

இடமாற்றம் உண்மையில் இருந்தது. 1838ல் பெசல் என்ற ஜெர்மன் வானியலாளர் முதன்முதலாக நம்பும்படி அளந்தார், 61 சிக்னி என்ற நட்சத்திரத்துக்கு. ஒரு கலையை மறுபடி அறுபதாகப் பிரித்தால் ஒரு விகலை. பெசல் கண்டது ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்கு. டைக்கோவின் கண்ணால் எட்டக்கூடியதைவிட ஏறக்குறைய 200 மடங்கு சிறியது. பூமி ஓடுகிறது என்பதற்கு முதல் நேரடிச் சான்றே 1720களின் கடைசியில் பிராட்லி கண்ட ஒளிப்பிறழ்ச்சிதான், அதாவது பூமி ஓடுவதால் நட்சத்திர வெளிச்சம் கொஞ்சம் சாய்ந்து வருவது போலத் தெரிவது. அதுவும் டைக்கோ இறந்து 125 வருடத்துக்கு மேல் ஆன பிறகு.

நீலகண்டதாசன்

இங்கே யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். கோள்கள் சூரியனைச் சுற்றும், சூரியன் பூமியைச் சுற்றும் என்ற இதே அமைப்பை கேரளத்து நீலகண்ட சோமயாஜி டைக்கோவுக்கு எழுபது எண்பது வருடம் முன்பே எழுதிவிட்டார். அவருடைய தந்திரசங்கிரகம் என்ற நூல் 1500 வாக்கில் வந்தது. கடல் வழியாகப் போர்ச்சுகீசியர் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள். இவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

வல்வெட்டியான்

முதல் பாதி சரி, இரண்டாம் பாதிக்கு ஆதாரம் எங்கே? நீலகண்டருடைய நூல்களில் புதன், வெள்ளிக் கணக்கைத் திருத்தின விதமும், ஐந்து கோளும் சூரியனைச் சுற்றிப் போற அமைப்பும் இருக்குது, ஓம். அது பெரிய சாதனை. ஆனால் அந்த ஓலை டென்மார்க் வரைக்கும் போனதுக்கு ஒரு கடிதமோ, ஒரு பிரதியோ, ஒரு குறிப்போ கிடையாது. கோப்பர்நிக்கஸின் கணக்கை எடுத்துப் பூமியை நிறுத்தி வைத்தால் இந்த அமைப்புத் தானாகவே வரும். இரண்டு கெட்டிக்காரர் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேரலாம்.

வேடிக்கை என்னவென்றால் 'என்னுடையதைத் திருடிவிட்டான்' என்று டைக்கோவே இன்னொருவரோடு சண்டை பிடித்தவர். ரைமர்ஸ் என்றவர் 1584ல் தீவுக்கு வந்து போனார், 1588ல் இதே மாதிரி ஓர் அமைப்பைத் தன் பெயரில் வெளியிட்டார். டைக்கோவுக்கு வந்த கோபம் கடைசி வரைக்கும் ஆறவில்லை. பிராக்குக்கு வந்த கெப்ளரைப் பிடித்து, அந்த ஆளை மறுத்து எழுது என்று வேலை கொடுத்தார். கெப்ளருக்கோ செவ்வாய்க் கணக்கு வேணும். பாவம் மனுசன்.

மூர்த்தி72

கெப்ளர் பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன். அவர்தான் டைக்கோவுக்குப் பாதரசம் வைத்துக் கொன்றுவிட்டுக் குறிப்பேடுகளைத் திருடினார் என்று ஒரு வீடியோவில் அடித்துச் சொன்னார்கள். உண்மையா?

வல்வெட்டியான்

கொன்றது பொய். எடுத்தது உண்மை, கெப்ளரே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ஃபிரெடரிக் 1588ல் செத்ததும் டைக்கோவுக்குக் காலம் சரியில்லாமல் போனது. புது அரசரோடு ஒத்துப்போகவில்லை, வருமானம் வெட்டுப்பட்டது, 1597ல் தீவை விட்டார். 1599ல் பிராக், இரண்டாம் ருடால்ஃப் பேரரசரிடம் வேலை. 1600 பிப்ரவரியில் கெப்ளர் வந்து சேர்ந்தார். டைக்கோ முழுத் தரவையும் கொடுக்க மாட்டார், சாப்பாட்டு மேசையில் ஒரு எண், இன்னொரு நாள் ஒரு எண் என்று கிள்ளிக் கிள்ளித்தான் கொடுப்பார். 1601 அக்டோபர் 13 ஒரு பிரபு வீட்டு விருந்து. எழுந்து போனால் மரியாதைக் குறைவு என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு இருந்தார். வீடு வந்த பிறகு ஒழுங்காகப் போகவில்லை, காய்ச்சல், பிதற்றல். 'நான் வீணாக வாழ்ந்ததாகத் தோன்றக் கூடாது' என்று கடைசி இரவு திரும்பத் திரும்பச் சொன்னதாகக் கெப்ளர் எழுதி வைத்தார். 24ஆம் தேதி முடிந்தது.

1990களில் முடியைச் சோதித்தபோது பாதரசம் இருக்குது என்று கிளம்பின கதைதான் கொலைக் கதை. 2010ல் தோண்டி எடுத்து, 2012ல் முடிவு சொன்னார்கள்: கொல்லக்கூடிய அளவுக்குப் பாதரசம் இல்லை.

டைக்கோ செத்ததும் வாரிசுகள் அசந்திருந்த நேரம் பார்த்துக் குறிப்பேடுகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன், அபகரித்தேன் என்றும் சொல்லலாம் என்று கெப்ளர் ஒரு கடிதத்தில் எழுதினார். டைக்கோவின் மருமகன் டெங்நாகலோடு வருடக்கணக்கில் இழுபறி. 1609ல் வந்த கெப்ளரின் செவ்வாய் நூலுக்கு முன்னுரை எழுதினது அந்த மருமகன்தான், அதுவும் கெப்ளரை முழுசாக நம்பிவிடாதீர்கள் என்ற தொனியில்!

ஆனால் சாத்தூரானுக்குப் பதில் அந்த நூலுக்குள்ளேதான் இருக்குது. வட்டப் பாதை வைத்துக் கெப்ளர் போட்ட கணக்கு டைக்கோவின் செவ்வாய் அளவோடு 8 கலை ஒத்துவரவில்லை. வேறு யாருடைய அளவாக இருந்தாலும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். டைக்கோ 8 கலை பிசக மாட்டார் என்று தெரியும், அதனால் வட்டத்தையே தூக்கி எறிந்தார். நீள்வட்டம் அப்படி வந்தது.

சாத்தூரான்

இது நல்ல பதில். ஆனால் இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. அந்தத் தீவில் ஏற்கனவே ஒரு கிராமம் இருந்தது. டைக்கோ வந்ததும் அந்தக் குடியானவர்கள் வாரந்தோறும் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டியதாயிற்று. மாளிகை, மீன்குளம், காகித ஆலை, அணை எல்லாம் அவர்கள் கையால். ஓடிப் போகவும் முடியாது, புகார் அரசர் வரை போனது. டைக்கோ கிளம்பிய பிறகு மாளிகை இடிந்தது, கல்லை வேறு கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எடுத்தவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

பட்டறைக்காரன்

அதில் நானும் உங்கள் கட்சி. புள்ளி வைத்த கைவினைஞர் பெயர்களும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

தூக்கமில்லாதவன்

டைக்கோ ஒரு காட்டுமான் வளர்த்தாராம், அது பீர் குடித்துவிட்டு மாடிப்படியில் விழுந்து செத்ததாம். இதை யாரும் சொல்லாததால் நானே சொல்லிவிட்டேன். இனி சீரியஸ் கேள்வி: அந்த 1572 நட்சத்திரம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? என் டெலஸ்கோப்பில் தெரியுமா?

கணக்கு டீச்சர்

தெரியாது. வெடித்துச் சிதறிய வாயுக்கூடு மட்டும் இருக்கிறது, சிறிய தொலைநோக்கிக்கு எட்டாது. எக்ஸ்கதிரில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள், அழகான உருண்டை. 2008ல் அந்த வெடிப்பின் பழைய வெளிச்சமே தூரத்துத் தூசியில் பட்டுத் தெறித்து வந்ததைப் பிடித்தார்கள். ஒரு வெண்குள்ளன் (எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரம்) வெடித்த வகை என்று அதை வைத்து உறுதியானது.

ரேடியோ அலையில் அதை முதலில் பிடித்தவர்கள் இங்கிலாந்தில் ஹான்பரி பிரௌனும் ஹசார்டும், 1952ல். இந்த ஹான்பரி பிரௌன் 1916ல் பிறந்தது எங்கே தெரியுமா? நம் நீலகிரியில், குன்னூர் பக்கத்து அருவங்காட்டில்.

அவரே 1956ல் பழைய ராணுவத் தேடுவிளக்குக் கண்ணாடிகள் இரண்டை வைத்து சிரியஸ் நட்சத்திரத்தின் உண்மையான கோண அகலத்தை அளந்தார். சுமார் 0.006 விகலை. பிரகாசமான நட்சத்திரத்துக்கு டைக்கோ சொன்னது 2 கலை, அதாவது 120 விகலை.

சாத்தூரான்

இருபதாயிரம் மடங்கு பிசகு! இதையும் துல்லியம் என்றுதான் சொல்லப் போகிறீர்களா?

கணக்கு டீச்சர்

அகலத்தில் பிசகு, இடத்தில் பிசகு இல்லை. நம் கண் புள்ளியை வட்டாகப் பரப்பிக் காட்டும். அந்த வட்டின் அகலத்தை அளந்தால் கண்ணின் குறையைத்தான் அளக்கிறோம். நடுவைக் குறித்தால் இடம் சரியாக வந்துவிடும், வட்டு எவ்வளவு பரவியிருந்தாலும் சரி. தொலைநோக்கி வந்த பிறகும் நட்சத்திரங்கள் பொய் வட்டாகத்தான் தெரிந்தன. அது ஒளி அலையின் வேலை என்று ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் விளக்கியது 1835ல். அதற்கு முன்பு பலர் ஏமாந்தார்கள்.

கெப்ளருக்கு வேண்டியிருந்தது செவ்வாயின் இடம் மட்டும். அந்த 8 கலைக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்க்க விருப்பமென்றால் தனி இழை திறங்கள் மூர்த்தி. பரீட்சைத் தாள் திருத்தி முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.